வண்டி ஏறும் குதிரைக்குக் காலில் என்ன கட்டலாம்?

ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் வண்டி ஏறத் தொடங்கிவிடும். கூடவே நமக்குக் கடிதங்களும் வரும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பயணத்தில் குதிரைக் காலுக்குப் போடும் பூட்ஸ். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: என்னிடம் 60 இன்ச் உயர மார்வாரி இனப் பெண் குதிரை இருக்கிறது. நான்கு காலுக்கும் லாடம் அடித்திருக்கிறேன். பிக்கப் வண்டியில் இரண்டரை மணி நேரம் கூட்டிப்போக வேண்டும். கடையில் மூன்று வகை காட்டினார்கள்: தொடை வரை ஏறும் நீள பூட்ஸ், முட்டிக்குக் கீழே நிற்கும் கட்டை பூட்ஸ், குளம்பின் மேல் மணி மாதிரி கவிழும் ரப்பர். மூன்றையும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எது தேவை?
– தாராபுரம் வாசகர்

பதில்: மூன்றையும் வாங்கினால் கடைக்காரருக்கு நல்லது. உங்களுக்கு எது வேண்டும் என்பதைக் குதிரை எங்கே அடிபடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓடும் வண்டியில் குதிரை சும்மா நிற்பதில்லை. பிரேக் பிடித்தால் முன்னே சாயும், வளைவில் பக்கவாட்டில் சாயும். விழாமல் இருக்கக் காலை அகட்டி, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும். அப்படி வைக்கும்போது ஒரு காலின் லாடம் இன்னொரு காலை மிதிப்பதுதான் பயணக் காயங்களில் அதிகம். அது விழும் இடம் பெரும்பாலும் கீழே கடைசி நான்கு அங்குலம். ஒன்று, குளம்பும் தோலும் சேர்கிற விளிம்பு. இன்னொன்று, குளம்பின் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற இரண்டு குமிழ்.

அந்த விளிம்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் நகத்துக்கு நகக்கண் எப்படியோ, குளம்புக்கு அந்த விளிம்பு அப்படி. குளம்பு அங்கிருந்துதான் கீழ்நோக்கி வளர்கிறது. லாடத்தின் நுனி பட்டு அங்கே ஆழமாக வெட்டிவிட்டால், காயம் ஆறிய பிறகும் அந்த இடத்திலிருந்து இறங்கும் குளம்பு கோடு விழுந்தோ வெடித்தோதான் வரும். மாதத்துக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும் குளம்பு முன்பக்கம் முழுதாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். விளிம்பில் தழும்பு ஆழமாக விழுந்துவிட்டால் அந்தக் கோடு ஆயுசுக்கும் போகாது.

அதற்கு மேலே, முட்டிக்கும் கணுவுக்கும் நடுவில், சதையே கிடையாது. தோல், அதன் கீழே எலும்பு, எலும்புக்குப் பின்னால் நம் குதிரைக்காரர்கள் ‘நரம்பு’ என்று சொல்லும் தசைநாண்கள். அடியைத் தாங்கிக்கொள்ள அங்கே மெத்தை எதுவும் இல்லை. பக்கத்துக் குதிரை உதைத்தாலோ, ஏற்றும்போது தகரத்தில் இடித்தாலோ, அடி நேராக எலும்பில்தான் விழும்.

இப்போது மூன்றுக்கும் வருவோம். தொடை வரை ஏறும் நீள பூட்ஸ் முட்டியையும் பின்கால் மடக்கையும் சேர்த்து மூடும். சரியாகப் பொருந்தினால் பாதுகாப்பு அதிகம். பொருந்துவதுதான் அபூர்வம். பின்கால் மடங்கி மடங்கி நீள்வதால் பூட்ஸ் சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். முட்டிக்குக் கீழே நிற்கும் வகை நழுவுவது குறைவு. ஆனால் அதில் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள்: கீழ் விளிம்பு குளம்பின் மேல் பாதி வரை இறங்கி, பின்பக்கக் குமிழ்களையும் மூட வேண்டும். கணுவோடு நின்றுவிடும் பூட்ஸ் பயணத்துக்கு ஆகாது.

உங்கள் பயணத்துக்கு, குமிழை மூடும் கட்டை பூட்ஸ் நான்கு காலுக்கும் போதும். முன்கால்களுக்கு மட்டும் கூடுதலாக மணி ரப்பர் போடலாம். பின்காலின் லாடம் முன்கால் லாடத்தின் பின்நுனியை மிதித்துப் பிடுங்கிவிடுவது உண்டு. லாடம் குளம்பைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். ரப்பரின் பின்பக்கம் லாடத்தின் பின்நுனியை மறைத்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தரையில் தேய்கிற நீளம் என்றால் அதையே மிதித்துத் தடுக்கும்.

கேள்வி: இணையத்தில் ‘ஃபுல் சைஸ்’ பூட்ஸ் வாங்கினேன். 58 இன்ச் கத்தியவாடிக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் கணுவுக்கு இறங்கிவிடுகிறது. வெல்க்ரோவை இறுக்கினாலும் நிற்கவில்லை. இன்னும் இறுக்கலாமா?
– மணப்பாறை வாசகர்

பதில்: வேண்டாம். இறுக்கம் குறைந்ததால் அது இறங்கவில்லை. அளவு பெரியது, அதனால் இறங்குகிறது.

வெளிநாட்டு அளவுப் பெயர்கள் அங்குள்ள பெரிய குதிரைகளை வைத்து வந்தவை. நாம் இன்ச்சில் சொல்கிற உயரத்தை அவர்கள் 4 அங்குலம் கொண்ட ‘ஹேண்ட்’ கணக்கில் சொல்வார்கள். ‘ஃபுல்’ என்பது பொதுவாக 62 இன்ச்சுக்கு மேலான குதிரைக்கு. ‘காப்’ என்பது 56 முதல் 62 வரை. ‘போனி’ அதற்கும் கீழே. நம் மார்வாரியும் கத்தியவாடியும் பெரும்பாலும் ‘காப்’ அளவுக்குள்தான் வரும். கால் எலும்பும் மெலிது. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எல்லை மாறும் என்பதால் பெயரை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

தையற்கடை டேப் போதும். குதிரை சமதரையில் நான்கு காலிலும் ஒரே மாதிரி எடை போட்டு நிற்கும்போது, ஒரு முன்காலும் ஒரு பின்காலும் அளக்க வேண்டும். முதலில் நீளம்: முன்காலில் முட்டி மடக்குக்கு ஒரு அங்குலம் கீழேயிருந்து, வெளிப்பக்கமாக, குளம்பின் பாதி உயரம் வரை. பின்காலில் மடக்குக்குக் கீழேயிருந்து அதே மாதிரி. பின்கால் அளவு எப்போதும் இரண்டு அங்குலமாவது கூட வரும். வரவில்லை என்றால் எங்கேயோ தப்பாக அளந்திருக்கிறீர்கள். அடுத்து சுற்றளவு: முட்டிக்கும் கணுவுக்கும் நடுவில் ஒன்று, கணுவின் தடிமனான இடத்தில் ஒன்று. இந்த இரண்டு சுற்றளவையும் கடையில் சொன்னால், விவரம் தெரிந்தவர் சரியான ஜோடியை எடுத்துத் தருவார்.

போட்ட பிறகு மூன்று சோதனை. பூட்ஸின் மேல் ஓரத்தில் ஒரு விரல் சிரமமில்லாமல் போக வேண்டும், இரண்டு விரல் போகக் கூடாது. பூட்ஸைக் கையால் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால் காலைச் சுற்றி வரக் கூடாது. பிறகு பத்து நிமிடம் நடத்தி, இரண்டு நிமிடம் துள்ளு நடை விட்டு, மேல் ஓரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அது வண்டிக்கு லாயக்கில்லை. நழுவிய பூட்ஸைக் குதிரை தானே மிதித்துக்கொள்ளும். மிதித்த காலைத் தூக்க முடியாமல் மிரளும். ஓடும் வண்டியில் அதைவிட வெறுங்காலே மேல்.

கட்டும் முறையிலும் பலர் தவறு செய்கிறார்கள். பூட்ஸைச் சரியான இடத்துக்குச் சற்று மேலே வைத்து, மயிர் படியும் திசையில் கீழே இழுத்து உட்கார வைக்க வேண்டும். கீழேயிருந்து மேலே தள்ளினால் மயிர் மடங்கி, ஒரு மணி நேரத்தில் அரிப்பெடுத்து உதைக்கத் தொடங்கும். முதலில் நடுப்பட்டை, பிறகு மேல்பட்டை, கடைசியில் கீழ்ப்பட்டை. பட்டையின் நுனி எப்போதும் காலின் வெளிப்பக்கத்தில், பின்னோக்கி இருக்க வேண்டும். உள்பக்கத்தில் இருந்தால் எதிர்க்கால் உரசி உரசிப் பிரித்துவிடும். கழற்றும்போது கீழ்ப்பட்டையில் தொடங்கி மேலே வாருங்கள். மேலே முதலில் பிரித்துவிட்டு அதற்குள் குதிரை நகர்ந்தால், பூட்ஸ் கணுவில் தொங்கிக் காலைத் தடுக்கும்.

இதையெல்லாம் குந்தி உட்கார்ந்து செய்யுங்கள். முழந்தாளிட்டால் சட்டென்று விலக முடியாது.

கேள்வி: ஓட்டப் பயிற்சிக்குப் போடும் நரம்புக் காப்பு பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. அதையே வண்டியிலும் போடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: கூடாது. அது ஓடும்போது பின்காலின் குளம்பு முன்கால் நரம்பில் அடிக்காமல் காக்கச் செய்தது. கணுவோடு முடிந்துவிடும். வண்டியில் அடிபடும் கீழ் நான்கு அங்குலமும் வெளியேதான் இருக்கும். ஒருமணி நேரப் பயிற்சிக்கு ஏற்ற இறுக்கத்தில் மணிக்கணக்காக நிற்க வைப்பதும் காலுக்கு ஆகாது.

கேள்வி: நியோபிரீன் நல்லதா, உள்ளே கம்பளி வைத்தது நல்லதா? எங்கள் பக்கம் வெயில் அதிகம்.
– விருதுநகர் வாசகர்

பதில்: இரண்டுமே குளிர் நாட்டுக்காரர்கள் யோசித்துச் செய்தவை. நியோபிரீன் என்பது கடலில் மூழ்குபவர்களின் உடை தைக்கும் ரப்பர் பஞ்சு. காற்று போகாது. காலோடு ஒட்டி நிற்பதால் நழுவாது, ஆனால் உள்ளே வேர்த்து ஊறும். செயற்கைக் கம்பளி மெத்தென்று இருக்கும். தரையில் கிடக்கும் வைக்கோல் துரும்பு, மணல், மரத்தூள் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தத் துரும்பு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் தேய்த்தால் தோல் உரிந்துவிடும்.

வெயில் ஊருக்கு, உள்ளே பருத்தி அல்லது துளையிட்ட மெல்லிய பஞ்சு, வெளியே கெட்டி நைலான் துணி, அடிபடும் இடங்களில் மட்டும் தடித்த பிளாஸ்டிக் பட்டை என்றிருப்பதைத் தேடுங்கள். கான்பூரில் செய்யும் பொருட்களில் இந்த மாதிரி கிடைக்கும். குதிரைச் சேணத்துக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. அங்கே செய்து வெளிநாடு போகும் அதே பொருளைச் சுற்றிவந்து ‘இறக்குமதி’ என்று வாங்க வேண்டியதில்லை.

எது வாங்கினாலும், போய்ச் சேர்ந்து கழற்றியவுடன் உள்ளங்கையை நரம்பின் மேல் வைத்துப் பாருங்கள். மயிர் நனைந்து, கால் கொதிப்பாக இருந்தால் அந்தப் பூட்ஸ் அந்தப் பருவத்துக்கு ஆகாது. நரம்பில் சூடு தங்குவது அதன் நார்களுக்குக் கெடுதல். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: பூட்ஸ் வாங்க வசதியில்லை. மெடிக்கலில் விற்கும் கிரேப் பேண்டேஜ் சுற்றினால் போதாதா?
– அரவக்குறிச்சி வாசகர்

பதில்: கிரேப் பேண்டேஜை மட்டும் சுற்றுவது வெறுங்காலை விட மோசம். அது இழுபடும் துணி. இழுத்துச் சுற்றினால் சுருங்கிக்கொண்டே போய், சதையில்லாத காலில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும், நரம்பில் தழும்பு போட்டுவிடும். லாடம் பட்டால் அந்த மெல்லிய துணி எதையும் தடுக்காது.

ஆனால் மெத்தையோடு கட்டுத்துணி என்பது பழைய, நம்பகமான முறை. ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவர் கையில் அது எந்தப் பூட்ஸையும் விட நன்றாகப் பொருந்தும். வீட்டிலேயே செய்யலாம்.

மெத்தைக்கு: மெடிக்கலில் கிடைக்கும் பஞ்சு ரோலை விரித்து, நைந்த பருத்தி வேட்டியின் இரண்டு மடிப்புக்கு நடுவில் வைத்து, மூன்று அங்குல இடைவெளியில் நெடுகத் தையல் ஓட்டுங்கள். தையல் போடாவிட்டால் பஞ்சு ஒருபக்கமாகத் திரண்டு முண்டாகும். கையால் அழுத்தாதபோது ஒரு அங்குலத் தடிமன் இருக்க வேண்டும். 60 இன்ச் குதிரைக்கு முன்கால் மெத்தை 13 முதல் 14 அங்குல உயரம், பின்கால் மெத்தை 15 முதல் 16 அங்குலம். உங்கள் குதிரையின் முட்டிக்குக் கீழேயிருந்து தரை வரை அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீளம், காலை ஒன்றரைச் சுற்று சுற்றும் அளவு. சோபாக் கடையில் விற்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். அமுங்கிப் போகும், சூட்டையும் விடாது.

கட்டுத்துணிக்கு: 4 முதல் 5 அங்குல அகலம், 3 முதல் 3.5 மீட்டர் நீளம் கொண்ட ஃபிளானல் அல்லது கெட்டிப் பருத்தி. இழுபடாத துணி நல்லது. நுனியில் ஒரு சாண் வெல்க்ரோ தைத்துவிடுங்கள். முன்கூட்டியே இறுக்கமாகச் சுருட்டி வைத்திருந்தால்தான் கை ஓடும்.

கட்டும் விதம் இது. மெத்தையைச் சுருக்கமில்லாமல் காலில் சுற்றுங்கள். அதன் ஓரம் எலும்பின் முன்பக்கத்திலோ பின்னால் நரம்பின் மேலோ வராமல், பக்கவாட்டில் விழ வேண்டும். கீழே அது குமிழ்களையும் குளம்பு விளிம்பையும் மூடி நிற்கட்டும். துணியை முட்டிக்கும் கணுவுக்கும் நடுவில், உள்பக்கத்தில் தொடங்குங்கள். வெளிப்பக்கத்தில் துணி முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும், இரண்டு பக்கக் கால்களுக்கும் இதுதான் விதி. மேலேயிருந்து பார்த்தால் இடது கால்கள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலும், வலது கால்கள் கடிகாரத் திசையிலும் சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடிக்கொண்டே கீழே இறங்கி, குமிழைச் சுற்றி வந்து, மறுபடி மேலே ஏறி முட்டிக்குக் கீழே வந்து, நடுவில் வெளிப்பக்கத்தில் முடியட்டும். மேலும் கீழும் அரை அங்குலம் மெத்தை வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துணியின் ஓரமே தோலை அறுக்கும்.

இழுப்பதைக் காலின் முன்பக்கத்தில், எலும்புக்கு எதிராக மட்டும் இழுங்கள். பின்பக்கம் வரும்போது துணியைச் சும்மா படிய விடுங்கள். எல்லாச் சுற்றிலும் இறுக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் இறுகினால், மறுநாள் காலையில் நரம்பில் அந்த இடத்தில் வில் மாதிரி ஒரு வீக்கம் நிற்கும். கட்டி முடித்ததும் மேல் ஓரத்தில் ஒரு விரலைக் கொஞ்சம் முயன்று நுழைக்க முடிந்தால் சரி.

நாடா வைத்துக் கட்டுவதானால் அது துணியை விட இறுக்கமாக இருக்கக் கூடாது, முடிச்சு வெளிப்பக்கத்தில் விழ வேண்டும். ஊக்கு குத்தவே கூடாது.

முதல் தடவை வண்டி ஏறும் நாளன்று கட்டிப் பழகாதீர்கள். லாயத்தில் நான்கு நாள் கட்டிக் கட்டிப் பிரித்தால் உங்கள் கைக்கும் பழகும்.

கேள்வி: மகாராஷ்டிராவின் சாரங்கேடா சந்தையில் குதிரை வாங்கி லாரியில் கொண்டுவரப் போகிறேன். மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். மூன்று நாளும் பூட்ஸ் போட்டே வைக்கலாமா? லாரிக்காரர் பூட்ஸே வேண்டாம் என்கிறார்.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இதில் லாரிக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நெடுந்தூர வண்டிக்காரர்கள் பலர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பூட்ஸ் போட்டால் யாராவது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும். நழுவியது, நனைந்தது, உள்ளே துரும்பு போனது எதுவும் தூரத்திலிருந்து தெரியாது. பின்கால் பூட்ஸில் மூத்திரம் ஊறி, ஒரு ராத்திரி அப்படியே கிடந்தால் கணுவுக்குப் பின்னால் தோல் வெடித்துப் புண்ணாகிவிடும். மூன்று நாள் வெயிலில் மூடிக்கிடக்கும் காலும் சூட்டில் வேகும்.

அதுவும் நீங்கள் அப்போதுதான் வாங்கிய குதிரை. காலில் ஏதாவது போட்டுப் பழகியதா என்பதே தெரியாது. எனவே எங்கள் யோசனை: குதிரையோடு உங்கள் ஆள் வருவதாக இருந்தால், முன்கால்களுக்கு மணி ரப்பர் மட்டும் போடுங்கள், மற்றவை வெறுங்காலாகவே இருக்கட்டும். ஆள் வரவில்லை என்றால் அதுவும் வேண்டாம். பின்கால் லாடத்தைக் கழற்றிவிட்டு ஏற்றினால், மிதித்தாலும் வெட்டு ஆழமாக விழாது. கூட வரும் குதிரையோடு நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தி, தண்ணீர் காட்டி, அரை மணி நேரமாவது தலையைத் தாழ்த்த விடுங்கள். தலையை உயரக் கட்டியே வைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வடிய வழியில்லாமல் நுரையீரலுக்கு இறங்கும். பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும் குதிரைகளுக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். சாதாரண நேரத்தில் குதிரையின் உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். வந்து சேர்ந்த பிறகு மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

நீண்ட நேரம் நின்றே வருவதால் நான்கு காலும், முக்கியமாகப் பின்கால்கள், கணுவைச் சுற்றி மெத்தென்று வீங்கியிருக்கும். வலியும் சூடும் இல்லாமல், இருபது நிமிடம் மெதுவாக நடத்தியதும் வடிந்தால் அது நின்ற வீக்கம்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் மருத்துவரை வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று: 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்காலில் பூட்ஸ் போட்டவுடன் காலைத் தூக்கித் தூக்கி உதறுகிறது. இரண்டு தடவை உதைத்தும் விட்டது.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: முதல் தடவை எல்லாக் குதிரையும் செய்வதுதான். மடக்குக்குப் பக்கத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது அதற்குப் புரியவில்லை.

குறைந்தது ஒரு வாரம் முன்னால் தொடங்குங்கள். முதல் நாள், பூட்ஸைக் கையில் பிடித்து முதுகு, பிட்டம், தொடை, கால் என்று தேய்த்துக் காட்டுங்கள். வெல்க்ரோ பிரியும் ‘பர்ர்’ சத்தத்தைத் தலைக்குப் பக்கத்தில் இருந்து கேட்க விடுங்கள். பாதிக் குதிரைகள் மிரள்வது பூட்ஸுக்கு இல்லை, அந்தச் சத்தத்துக்கு. அடுத்த நாள் முன்கால்களுக்கு மட்டும். மூன்றாம் நாள் பின்கால்களுக்கும் போட்டு, உடனே நடத்துங்கள். நிற்க வைத்தால்தான் உதறும், நாலு எட்டு நடந்தால் மறந்துவிடும். முதல் பத்து எட்டு கொக்கு மாதிரி காலைத் தூக்கி வைக்கும், சிரிக்காமல் கூடவே நடங்கள். கயிற்றைப் பிடிப்பவரும் பூட்ஸ் போடுபவரும் குதிரையின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். உதைக்க வந்தால் தலையைத் தங்கள் பக்கம் இழுத்தால் பின்பகுதி எதிர்ப்பக்கம் விலகும்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் பின்காலில் ஏற்காத குதிரையை வற்புறுத்தாதீர்கள். வண்டிக்குள் உதறும் குதிரை காலைச் சுவரில் அடித்துக்கொள்ளும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மட்டக்குதிரைகளை மினி லாரியில் ஏற்றுகிறோம். 14 கொண்டை ஊசி வளைவு. பூட்ஸ் போட்டும் காயம் வருகிறது.
– குன்னூர் வாசகர்

பதில்: காலை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். தகரத் தரையில் வைக்கோலை மட்டும் பரப்பியிருந்தால் அது பனிக்கட்டி மாதிரி வழுக்கும். மூத்திரம் பட்டால் கேட்கவே வேண்டாம். வழுக்கும் குதிரை ஒவ்வொரு வளைவிலும் காலைப் பறிகொடுத்துத் தன் காலையே மிதிக்கிறது. வரி போட்ட ரப்பர் பாயை, முக்கால் அங்குலத் தடிமனாவது இருப்பதை, ஓரம் மடங்காமல் போட்டு, மேலே ஒரு அங்குலம் மணலோ மரத்தூளோ பரப்புங்கள்.

பிறகு இடைவெளிகள். பின்கதவுக்கும் தரைக்கும் நடுவில், ஏற்றும் மண்மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் சந்து இருந்தால் மட்டக்குதிரையின் சின்னக் கால் உள்ளே போய்விடும். அங்கே போன காலை எந்தப் பூட்ஸும் காப்பாற்றாது. வண்டியை மேட்டோடு ஒட்டி நிறுத்தி, சந்தின் மேல் கெட்டிப் பலகை போட்டு ஏற்றுங்கள். ஓட்டுநரிடம் வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குதிரை தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்களில்தான் தாங்குகிறது. இறக்கத்தில் பிரேக் போட்டால் அது இன்னும் கூடும்.

கேள்வி: இறக்கும்போது பார்த்தால் குளம்புக்கு மேலே ஒரு அங்குல வெட்டு. மஞ்சள் வைத்துக் கட்டலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: மருத்துவர் பார்க்கும் வரை மஞ்சள், சுண்ணாம்பு, பழைய எஞ்சின் ஆயில் எதையும் வைக்காதீர்கள். ஆழம் தெரியாமல் மறைத்துவிடும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, உப்பு கரைத்து நன்றாக ஊற்றிக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தோல் மடல் தொங்கினால் வெட்டி எறியாதீர்கள், அதை வைத்துத் தைக்க முடியலாம்.

மஞ்சள் நிறத்தில், விரலில் ஒட்டி நூல் மாதிரி இழுபடும் நீர் வடிந்தால் மூட்டோ நரம்பின் உறையோ திறந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும், மறுநாள் வரை வைக்கக் கூடாது. காயம் எதுவானாலும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கால்நடைகளில் குதிரைக்குத்தான் அந்த நோய் எளிதில் பிடிக்கும்.

அந்த வெட்டு விழுந்த காலின் பூட்ஸை ஆறும் வரை போடாதீர்கள். போடும் முன் வெல்க்ரோவில் சிக்கிய துரும்பை ஈர்க்கோலியால் சீவி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் உள்பஞ்சு சீக்கிரம் உதிரும்.